வெறும் லோரியின் எடை

ஏற்றிவந்த எடையிலிருந்து
வெறும் லோரியின் எடையைக் கழித்தால்
மிஞ்சுவது பழம்.
பதினொரு வருஷமாக
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலை வாசலில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
இந்தக் கணக்கைத்தான் போடுகிறேன்.

இன்று பசியாறும் நேரம்
ஒன்பது டன் குலையோடு வந்த வீரபத்திரன்
சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னான்:
"உங்க ஈயக்குட்டை பிரிஞ்சிருச்சாமே."

சீட்டில் தேதியைத் தப்பாக எழுதினேன்.

ஈப்போவில் டயர் மாற்றப் போன இடத்தில்
ஒரு சீனப் பையன் சொன்னானாம்.
அவன் அண்ணனின் பழைய சாமான் கடையில்
கித்தார் சத்தியவாசன்
தன் ஆம்பிளிஃபையரை இறக்கிவிட்டுப் போனானாம்.
விலைகூடப் பேசவில்லையாம்.

ஆம்,
தலையில் நின்றால் சத்தியம்,
வாலில் தொங்கினால் வதந்தி.
இதை எந்த மேடையில் ஏற்றி நிறுப்பது?

பத்து மணிக்குள் இன்னும் சில வந்தன.
பாஸ் அஸ்லான் சிங்கப்பூரில் காவல் வேலைக்குப் போய்விட்டான்.
பாடகனுக்குத் தொண்டையில் கட்டி.
இல்லை, கட்டி இல்லை, கல்யாணம்.
மதியத்துக்குள் டிரம்ஸ் தேவசகாயம் செத்தே போயிருந்தான்.
அப்புறம் யாரோ அவனைத் தெலுக் இந்தானில்
மீ கோரெங் சாப்பிடப் பார்த்ததாகச் சொல்ல
உயிர் பிழைத்தான்.

கேன்டீனில் சிரிக்கிறார்கள்.
"நாலு பேரு கத்துறத நிப்பாட்டுனா
ஊருக்கு நல்லதுதானே."
நாற்பத்தொரு வயசு, ரெண்டு பிள்ளை,
இன்னும் அந்தக் கறுப்புச் சட்டை எதுக்கு என்கிறார்கள்.
சொன்னால் புரிகிறவளிடம்
பேசி நாலு வருஷமாகிறது.

குணவதியும் நானும்தான் போனோம்,
தெலுக் இந்தான் சீனர் சங்க மண்டபத்துக்கு.
மழை. இருநூறு நாற்காலி, ஒன்பது பேர்,
அதில் இருவர் ஒலிபெருக்கிக் கடைக்காரர்கள்.
"ஒன்பதாங் கட்டை" பாட்டின் நடுவில் கரண்ட் போனது.
(அது கம்பார் பக்கத்து ஒன்பதாங் கட்டை.
எங்கள் தோட்டத்து முச்சந்திதான் என்று
குணவதி சத்தியம் செய்வாள்.)
கித்தார் ஊமையானது.
பாடகன் வாய் மட்டும் அசைந்திருக்க வேண்டும்.
தேவசகாயம் நிறுத்தவில்லை.
இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தான்,
தகரத்தில் மழை எது, அவன் எது என்று தெரியாமல்.
குச்சி முறிந்து நுனி என் மடியில் விழுந்தது.
மீதியை மேடையேறிக் கேட்டு வாங்கினாள் அவள்.

பிறகு பிரிந்தோம்.
காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது:
சீட்டுப் பணம் அறுநூறு வெள்ளி,
அவள் மைத்துனனைப் பற்றி
நான் விட்ட ஒரு வார்த்தை.
நாங்கள் பிரிந்தது
வதந்தியாகக்கூட எங்கும் வரவில்லை.

மூன்று மணி லோரி போனபின்
அவள் எண்ணை அழுத்தினேன்.
மணிக்குப் பதில் பாட்டு.
கித்தார், ரெண்டு சுற்று.
பிறகு பாஸ்.
பிறகு குச்சியோடு குச்சி, நாலு தட்டு.
நாலு வருஷமாக அவளைக் கூப்பிட்டவர்கள்,
கடன்காரன், பள்ளிக்கூட டீச்சர், கேஸ் தோம்பு போடுகிறவன்,
எல்லாரும் இதைக் கேட்டுத்தான் காத்திருக்கிறார்கள்!

எடுத்துத் தொலைக்காதே, குணவதி.
இன்னும் ரெண்டு விநாடி.
இப்போது அவன் வாயைத் திறப்பான்

"ஹலோ."

மேடையில் ஒரு லோரி ஏறி நிற்கிறது.
திரையில் எண் நிலைகொள்ளாமல் ஆடுகிறது.
ஓட்டுநர் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டுகிறான்.

"பிரிஞ்சிட்டாங்களா?" என்றேன்.

யார் என்று அவள் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, அடுப்பில் எதுவோ பொரிவதும்.
பிறகு,
"அந்த ஆம்பிளிஃபையரு
என்ன வெலைக்கிப் போச்சாம்?"